இடுப்பு சாய்ந்த கிட்டார்

எலக்ட்ரிக் கிட்டார் வரையச் சொன்னால், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இடுப்பு ஒடுங்கிய உருவத்தைத்தான் நம்மில் பெரும்பாலோர் வரைவோம். ஆனால் ஜாஸ்மாஸ்டர் என்ற கிட்டாரில் அந்த இரண்டு ஒடுக்கங்களும் நேருக்கு நேர் இருக்காது. ஒன்று முன்னே தள்ளியும் மற்றொன்று பின்னே தள்ளியும் இருக்கும். அதனால் முழு உடலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலத் தெரியும். இந்த வகை உடலை ஆஃப்செட் என்பார்கள். பார்த்தவுடன் “அளவு எடுத்ததில் பிசகிவிட்டதோ?” என்றுகூடத் தோன்றும். பிசகு ஒன்றும் இல்லை. யோசித்துச் செய்த வேலை அது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு, எங்கே இடிக்கிறது, எங்கே வசதியில்லை என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப கிட்டார்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஜாஸ் இசைக் கலைஞர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து வாசிப்பவர்கள். உட்கார்ந்தால் கிட்டாரின் ஒடுக்கம் தொடையில் படியும். அந்த இடத்துக்கு ஒரு பக்கம் நீண்ட கழுத்தும் முறுக்காணிகளும், மறுபக்கம் கனமான உடலும். தொடையில் படியும் ஒடுக்கத்தைச் சற்றே நகர்த்தினால் இரு பக்கத்து எடையும் வேறு விதமாகப் பிரியும். வாசிக்கும் கையும் இயல்பாக வந்து அமரும். இப்படிப் பிறந்ததுதான் 1958-இல் வெளிவந்த ஜாஸ்மாஸ்டர். இந்த உடல் வடிவத்துக்கு 1960-இல் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

அன்று ஃபெண்டர் கம்பெனியின் கிட்டார்களில் விலை கூடியது அதுதான். ஆனால் யாருக்காகச் செய்தாரோ, அந்த ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலோர் தங்கள் பழைய, உள்ளே குடைந்த கிட்டார்களை விடவில்லை. கடலலைச் சறுக்கு விளையாட்டையொட்டி வளர்ந்த ‘சர்ஃப்’ இசைக்காரர்கள் சில காலம் ஜாஸ்மாஸ்டரைக் கொண்டாடினார்கள். பிறகு மவுசு குறைந்து, 1980-இல் உற்பத்தியே நின்றுபோனது. பழைய ஜாஸ்மாஸ்டர்கள் இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைத்தன. கையில் அதிகம் பணமில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆமெர்ஸ்ட் ஊரில் 1984-இல் தொடங்கிய ‘டைனோசர் ஜூனியர்’ குழுவின் ஜே மாஸ்கிஸ் அப்படி ஜாஸ்மாஸ்டரோடு பெயர் சேர்ந்துவிட்டவர்களில் ஒருவர். முதலில் டிரம்ஸ் வாசித்தவர். கிட்டாரையும் ஓங்கி அடித்துத்தான் வாசிப்பார்.

ஒரு கலைஞரின் பெயரில், அவருடைய விருப்பப்படி செய்யப்படும் கிட்டாரை சிக்னேச்சர் மாடல் என்பார்கள். பொதுவாக அதன் விலை எட்டாத உயரத்தில் இருக்கும். ஜே மாஸ்கிஸ் பெயரில் 2011-இல் வந்தது அப்படியல்ல. ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையர் அதை வெளியிட்டது. அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பையும் தொட்டு “நீ ஏன் இப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் இயற்பியல் பதில் சொல்லும். விலையைக் குறைத்தவர்கள் அந்தப் பதில்களில் பெரும்பாலும் கை வைக்கவில்லை. எனக்கு இந்தக் கிட்டாரைப் பிடிப்பது அதனால்தான்.

முதலில் பிக்கப். கம்பிகளுக்குக் கீழே அகலமான வெள்ளை பிளாஸ்டிக் மூடியோடு இரண்டு பெட்டிகள் இருக்கும். இவைதான் கிட்டாரின் காதுகள் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டாருக்கு அருகே நின்று நீங்கள் பேசினால் ஆம்ப்ளிஃபயரில் உங்கள் குரல் வராது. பிக்கப் என்பது மைக் இல்லை. அதற்குக் காற்றின் அசைவு தெரியாது. இரும்பின் அசைவு மட்டும்தான் தெரியும்.

மூடிக்குள்ளே காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. மேலே போகும் எஃகுக் கம்பியை இந்தக் காந்தம் தன் பங்குக்குக் கொஞ்சம் காந்தமாக்கிவிடும். நீங்கள் கம்பியை மீட்டியதும் அது ஆடும். அது ஆட ஆட, சுருளுக்குள் பாயும் காந்தப்புலமும் கூடிக் குறையும். காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். நம் ஊர் அனல் மின்நிலையத்து ஜெனரேட்டரும் இதே விதிப்படிதான் ஓடுகிறது. கிட்டாரின் ஐந்தாவது கம்பி விநாடிக்கு 110 முறை அதிரும். அதற்குக் கீழே பிறக்கும் மின்சாரமும் விநாடிக்கு 110 முறை முன்னும் பின்னும் ஆடும். அது மிகச் சிறிய மின்சாரம். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கரைத் தள்ளுகிறது.

இதைச் சோதிக்க எலக்ட்ரிக் கிட்டார்கூட வேண்டாம். ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் கம்பி போட்ட கிட்டாரின் மெல்லிய கம்பியில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. எஃகுக் கம்பியில் வையுங்கள், பற்றிக்கொள்ளும். நைலான் கம்பியை எவ்வளவு அழகாக மீட்டினாலும் இந்தப் பிக்கப்புக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

பழைய ஜாஸ்மாஸ்டர் பிக்கப்பின் சுருள் மற்ற ஃபெண்டர் கிட்டார்களைப் போல உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்காது. தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். அகலமான சுருள் கம்பியின் சற்று நீண்ட பகுதியின் அசைவைச் சேர்த்துப் பிடிக்கும்; ஒலி கொஞ்சம் கொழுகொழுவென்று வரும்.

ஆனால் சுருளுக்கு ஒரு தொல்லை உண்டு. வீட்டு மின்சாரமும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது இந்தியாவில் விநாடிக்கு 50 முறையும் அமெரிக்காவில் 60 முறையும் ஆடும். பிக்கப் அதையும் பிடித்து ‘ம்ம்ம்’ என்று இரையும். ஜாஸ்மாஸ்டரில் இதற்கொரு தந்திரம் இருக்கிறது. ஒரு பிக்கப்பின் சுருளை வலஞ்சுழியாகச் சுற்றினால் மற்றதை இடஞ்சுழியாகச் சுற்றியிருப்பார்கள். ஒன்றின் காந்தம் வடமுனையை மேலே காட்டினால் மற்றது தென்முனையைக் காட்டும்.

உங்கள் கணக்கு நோட்டில் ‘மைனஸ் பெருக்கல் மைனஸ் பிளஸ்’ என்று இருக்கிறதே, அது இங்கே உயிரோடு வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தின் முனையைப் பற்றிக் கவலையில்லை. சுற்றின் திசை மட்டும்தான் கணக்கு. அதனால் ஒரு சுருளில் பிளஸ் என்றால் மற்றதில் மைனஸ். இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். கம்பியின் ஒலிக்கோ சுற்றும் தலைகீழ், முனையும் தலைகீழ். மைனஸும் மைனஸும் பெருகிப் பிளஸ் ஆகிவிடும். இரண்டு பிக்கப்பின் ஒலியும் கூடும். சுவிட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பையும் சேர்த்தால் இரைச்சல் அடங்கி இசை நிற்கிறது. எனக்குத் தெரிந்து பள்ளிக் கணக்கு இவ்வளவு தெளிவாகக் காதில் கேட்கும் இடம் வேறு இல்லை.

பிக்கப்பைச் சுற்றியுள்ள தங்க நிறத் தகட்டைப் பார்த்துவிட்டு “தங்கமா?” என்று கேட்பார்கள். அலுமினியம். அதை அமிலக் கரைசலில் நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் பாய்ச்சினால் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு படலம் வளரும். அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சாயத்தை அந்தத் துளைகளில் ஏற்றி மூடிவிட்டால் நிறம் அங்கேயே தங்கிவிடும். 1958-இல் வந்த முதல் ஜாஸ்மாஸ்டர்களில் இதே தங்க நிற அலுமினியத் தகடுதான் இருந்தது. ஜே மாஸ்கிஸ் கிட்டாரின் வெள்ளை உடலில் அது திரும்ப வந்திருக்கிறது. அழகுக்கு மட்டுமல்ல, உலோகத் தகடு வெளி இரைச்சலைக் கொஞ்சம் தடுத்தும் வைக்கும்.

அடுத்து, ஜே மாஸ்கிஸ் மாற்றச் சொன்ன முக்கியமான இடத்துக்கு வருவோம். கம்பிகள் வந்து ஏறும் பாலத்தை பிரிட்ஜ் என்பார்கள். பழைய ஜாஸ்மாஸ்டரில் பிரிட்ஜ் அசையாமல் நிற்காது. இரண்டு கூர்முனைகளில் நின்று முன்னும் பின்னும் லேசாகச் சாயும். அதற்குப் பின்னால், நன்றாகத் தள்ளி, கம்பிகளின் முனைகளைப் பிடித்திருக்கும் ட்ரெமோலோ. அது நீண்ட கைப்பிடி உள்ள ஒரு கருவி. கைப்பிடியை அழுத்தினால் கம்பிகளின் இழுவிசை தளர்ந்து சுருதி இறங்கும். பிரிட்ஜும் கம்பிகளோடு சேர்ந்து சாய்வதால் உராய்வு குறைவு. கையை விட்டதும் சுருதி பழைய இடத்துக்கு வந்துவிடும். அருமையான யோசனை.

சிக்கல் எங்கே வந்தது? ட்ரெமோலோ தள்ளி இருப்பதால் கம்பி பிரிட்ஜைத் தாண்டியதும் மிகக் குறைந்த கோணத்தில்தான் கீழே இறங்குகிறது. ஒரு கம்பி 7 கிலோ எடை தொங்கும் அளவுக்கு முறுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 5 டிகிரி மட்டும் வளைந்து இறங்கினால், பிரிட்ஜைக் கீழ்நோக்கி அழுத்துவது ஏறக்குறைய 600 கிராம் எடைதான். 10 டிகிரி என்றால் 1,200 கிராம். 1958-இல் எல்லோரும் தடித்த கம்பி போட்டார்கள்; இழுவிசை அதிகம்; குறைந்த கோணமும் போதுமானதாக இருந்தது. பின்னாளில் மெல்லிய கம்பிகள் வந்தன. அழுத்தம் குறைந்தது. ஓங்கி அடித்தால் கம்பி தன் ஆழமில்லாத பள்ளத்திலிருந்து துள்ளி வெளியே வந்துவிடும். பிரிட்ஜும் கடகடவென்று அதிரும்.

டிரம்ஸ் அடித்துப் பழகிய கைக்கு இது சரிப்படுமா? அதனால் ஸ்குவையர் ஜே மாஸ்கிஸ் மாடலில் பிரிட்ஜே வேறு. உறுதியான இரண்டு தூண்கள்மேல் நிற்கும். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனித் தாங்கி. அதில் கம்பி அமரத் தெளிவான வெட்டு. ஒவ்வொரு தாங்கியையும் ஒரு திருகால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். கம்பியை விரலால் அழுத்தும்போது அது கொஞ்சம் நீண்டு இழுவிசை கூடும். சுருதி ஒரு பொட்டு ஏறும். அதை ஈடுசெய்யக் கம்பியின் நீளத்தைத் துளி கூட்டிக்கொடுக்கத்தான் அந்தத் திருகு. இதில் இழப்பும் உண்டு: பிரிட்ஜ் சாயாததால் ட்ரெமோலோ அழுத்தும்போது கம்பி தாங்கியின்மேல் உரசிக்கொண்டு நகரவேண்டும். அடித்து வாசிப்பவருக்கு இது நல்ல பேரம் என்பேன்.

ட்ரெமோலோவுக்குள் நடப்பதும் சுவையானது. மேலே ஆறு கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, அடியில் ஒரே ஒரு சுருள்வில் மறுபக்கம் தள்ளுகிறது. தராசு முள் நடுவில் நிற்பது போல இரண்டும் சமமாக நிற்கும்வரைதான் சுருதி நிற்கும். சாதாரண மெல்லிய கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 45 கிலோ. நடுக்கச்சேரியில் ஒரு கம்பி அறுந்தால்? வில் ஜெயித்துவிடும், மீதி ஐந்து கம்பிகளும் முறுகிச் சுருதி ஏறிவிடும். இதற்காகத்தான் லியோ ஃபெண்டர் பழைய ஜாஸ்மாஸ்டரின் ட்ரெமோலோவில் ஒரு சிறு பூட்டு வைத்தார். அதைச் சரியாக அமைத்து நகர்த்தினால் வில்லால் மேற்கொண்டு தள்ள முடியாது; பாட்டை முடித்துவிடலாம்.

சுருதிக்கும் இழுவிசைக்கும் உள்ள உறவு நேர்க்கணக்கு அல்ல, வர்க்கமூலக் கணக்கு. இழுவிசையை நான்கு மடங்காக்கினால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும். கைப்பிடியை அழுத்தி அரைச் சுருதி இறக்க, இழுவிசையில் சுமார் 11 சதவீதம் குறைந்தால் போதும்.

கிட்டார் உடலின் மேல் ஓரத்தில் தனியாக ஒரு சிறு சுவிட்சும், விரலால் உருட்டும் இரண்டு சக்கரங்களும் இருக்கும். சுவிட்சைத் தள்ளினால் கழுத்துப் பக்கப் பிக்கப் மட்டும் வேறொரு சுற்றுப்பாதையில் போகும். மின்தேக்கி வேகமான அதிர்வுகளைச் சுலபமாகக் கடத்திவிடும் அல்லவா? அவற்றை அது பூமிக்கு வடித்துவிட, மீதி ஒலி இருட்டாகவும் மென்மையாகவும் வரும்.

செலவில் மிச்சம் பிடித்தது வேறு இடங்களில். இந்தோனேசியாவில் செய்தார்கள். உடலுக்கு, எடை குறைந்த, சுலபமாக வெட்டக்கூடிய பாஸ்வுட் மரம், கழுத்துக்கு மேப்பிள். கழுத்தில் 21 ஃபிரெட்கள், அதாவது மெட்டுகள். முறுக்காணிகளுக்கு முன்னால் கழுத்தின் முனையில் கம்பிகள் தாண்டி வரும் ‘நட்’ என்ற சிறு மேட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி 648 மில்லிமீட்டர். ஒரு ஸ்கேல் எடுத்து அளந்தால் முதல் ஃபிரெட் 36 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். 11-க்கும் 12-க்கும் இடையே 19 மில்லிமீட்டர்தான். 12-ஆவது ஃபிரெட் சரியாகப் பாதியில், 324-இல். அங்கே அழுத்தினால் ஐந்தாவது கம்பியின் 110 அதிர்வு 220 ஆகிவிடும். வீணையிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகள்தான். 12-ஆவது மெட்டு பாதி நீளத்தை ஒட்டியே வரும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. பிரிட்ஜுக்கும் ட்ரெமோலோவுக்கும் இடையே கம்பியின் ஒரு துண்டு சும்மா கிடக்கிறதே, அதை விரலால் சுண்டுங்கள். மணி போலச் சின்னதாக ஒலிக்கும். அந்தத் துண்டுக்கும் நீளம் உண்டு, இழுவிசை உண்டு. ஆகவே சொந்தமாக ஓர் அதிர்வெண்ணும் உண்டு. நீங்கள் முன்பக்கம் வாசிக்கும் ஸ்வரத்தில் அந்த அதிர்வெண் கலந்திருந்தால், யாரும் தொடாமலே அந்தத் துண்டு கூடச் சேர்ந்து பாடும். இதை ஒத்ததிர்வு என்கிறோம். சோனிக் யூத் என்ற அமெரிக்கக் குழு இந்தத் துண்டுகளையே வாத்தியமாக வாசித்தது. சிலருக்கு இது தொந்தரவாக இருக்கும். அவர்கள் அங்கே ஒரு துணித்துண்டைச் செருகிவிடுவார்கள். இசைக்கருவிக் கடையில் இந்தக் கிட்டாரைப் பார்த்தால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை மீட்டுங்கள். முதல் முறை அந்தத் துண்டுகளை விட்டுவிடுங்கள்; இரண்டாம் முறை உள்ளங்கையால் அவற்றை மூடிக்கொள்ளுங்கள். எந்தெந்த ஸ்வரத்தில் வித்தியாசம் கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள்.