உறவை அளக்கும் ஐந்து வினாக்கள்

காய்ச்சலை வெப்பமானி காட்டிவிடும். ஒரே வீட்டில் வாழ்பவர்களின் உறவு எப்படி இருக்கிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது? குடும்ப ஆலோசகர்கள் இதற்கெனச் சில வினாநிரல்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் மிகச் சுருக்கமான ஒன்று 'குடும்ப அப்கார்'. அமெரிக்க மருத்துவர் கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டீன் 1978ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். பிறந்த குழந்தையின் உடல்நிலையை மதிப்பிடும் 'அப்கார்' முறையின் பெயரையே இதற்கும் சூட்டினார்.

துன்பம் வரும்போது குடும்பத்தின் உதவி கிடைக்கிறதா? சிக்கல்களைக் கலந்து பேச முடிகிறதா? புதிய முயற்சிகளுக்கு ஆதரவு உண்டா? அன்பு, கோபம், வருத்தம் ஆகியவற்றைக் குடும்பத்தார் புரிந்து ஏற்கின்றனரா? ஒன்றாகக் கழிக்கும் நேரம் நிறைவளிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 'பெரும்பாலும்' என்றால் 2, 'சில வேளைகளில்' என்றால் 1, 'அரிதாக' என்றால் 0. மொத்தம் 7க்குக் குறையாவிட்டால் உறவு நல்ல நிலையில் உள்ளது. 4 முதல் 6 வரை ஓரளவு சிக்கல். 3க்கு மேற்படாவிட்டால் கடுமையான சிக்கல்.

ஜோர்ஜ்டவுனில் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ஒரு குடும்பத்தைச் சான்றாகக் கொள்ளலாம். தந்தைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. தாய்க்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வேலை. மகன் மூன்றாம் படிவ மாணவன். தந்தை 9 புள்ளிகள் தருகிறார், தாய் 6, மகன் 3. சராசரி 6 என்று கணக்கை முடித்துவிட்டால் மகனின் 3 மறைந்துபோகும். ஆலோசகருக்கு வேண்டியதோ அந்த இடைவெளிதான். வாடகையும் பள்ளிச் செலவும் தடையின்றி நடப்பதை எண்ணித் தந்தை 9 தந்திருக்கலாம். மகன் காலையில் புறப்படும்போது அவர் வீடு திரும்பியிருப்பதில்லை. மாலையில் அவன் வரும்போது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

அன்பைப் பற்றிய வினாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அன்பு என்ற சொல் வாயில் வருவதே அரிது, "சாப்பிட்டாயா?" என்ற கேள்வியில் அது அடங்கிவிடும். எனவே ஆலோசகர் எண்ணோடு நிறுத்தாமல், அன்றாட நிகழ்வுகளையும் கேட்டறிகிறார்.

விடைகளைத் தனித்தனியே பெறுவதும் கட்டாயம். மகன் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தால், அடுத்த முறை அவனும் 9 என்றே எழுதுவான்.

மலேசியாவில் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் நாடளாவிய குடும்ப நலக் குறியீட்டைக் கணக்கிடுகிறது. 2016இல் அது 10க்கு 7.33, 2019இல் 7.72. அரசு திட்டமிட அது உதவும்; ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் நடப்பதை அது சொல்லாது.

சில வாரச் சந்திப்புகளுக்குப் பின் அதே ஐந்து வினாக்கள் மீண்டும் கேட்கப்படுகின்றன. இம்முறை மகன் தருவது 5. தந்தை தருவது 7. தந்தையின் புள்ளி குறைந்ததைக் கண்டு ஆலோசகர் கவலைப்படுவதில்லை. 'கலந்து பேச முடிகிறதா?' என்ற வினாவுக்கு அவர் முதன்முறையாக 'அரிதாக' என்று எழுதியிருக்கிறார்.