சம்பளம் தரும் படிப்புக்கு யாருக்குக் கமிஷன்?

போன வைகாசியில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். குன்னம் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயி. மகள் எம்.இ. முடித்திருக்கிறாள். முகவர் ஒருவர் கொடுத்த மடித்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வெளிநாட்டில் பிஎச்.டி., நூறு சதவீத ஃபண்டிங், உத்தரவாதம் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் 3,50,000 ரூபாய், மூன்று தவணை.

“ரெண்டு வட்டிக்குக் கேட்டா கெடைக்கும்ங்க. வாங்கிக் கட்டிரலாமான்னு பாக்குறேன்” என்றார்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். “உங்க பொண்ணுக்கு அவங்க சம்பளம் தரப்போறாங்க. வேலைக்கு எடுக்குறவங்களே காசு கேக்கலை. நடுவுல இருக்குறவருக்கு எதுக்கு மூன்றரை லட்சம்?”

இந்த ஒரு கேள்வியைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துப் பொறியியல் பட்டதாரிகள் எல்லோரும் கேட்கப் பழக வேண்டும். எம்.எஸ். படிப்புக்குக் கடன் வாங்கிப் போனவர்களைப் பார்த்துப் பார்த்து, பிஎச்.டி.யும் அப்படித்தான் என்று நம் வீடுகளில் நினைத்துக்கொள்கிறோம். பொறியியலில் முனைவர் படிப்பு என்பது பெரும்பாலும் ஒரு வேலை. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் ஆராய்ச்சி மாணவருக்குப் பல்கலைக்கழகம் பணி ஒப்பந்தமே எழுதுகிறது. மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. இடம் காலியானால் வேலை விளம்பரம்போல அறிவிக்கிறார்கள். ஜெர்மனியிலும் பேராசிரியரின் திட்டத்தில் சேர்ந்தால் அரசுச் சம்பள விகிதத்தில் ஒப்பந்தம் கிடைக்கும். ஆனால் பாதி வேலையா, முக்கால் வேலையா, முழு வேலையா என்று அதில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஆராய்ச்சி உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் என்று உதவித்தொகை தருகிறார்கள். பி.இ. முடித்த கையோடு பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க அங்கே வழி இருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் எம்.இ. அல்லது எம்.டெக். கேட்பார்கள்.

பிரிட்டன் கதை கொஞ்சம் வேறு. அரசு ஆராய்ச்சி மன்றங்களின் உதவித்தொகைக்கு 2021 முதல் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், ஒவ்வோர் ஆண்டுச் சேர்க்கையிலும் அவர்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் இடமில்லை. 2025-26-இல் குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. உள்நாட்டுக் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யார் கட்டுவது என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் போய், கையில் உதவித்தொகை இருந்தும் கட்டணத்துக்குத் தவிப்பது இந்த இடத்தில்தான்.

நிதி என்பது தொகை மட்டுமல்ல, காலமும் நிபந்தனையும் சேர்ந்தது. இதை நமக்கு முன்பே பட்டு அறிந்தவர் அம்பேத்கர். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பதிலுக்குப் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணி செய்வதாக ஒப்பந்தம். பிறகு லண்டன் போய், அங்கே ஆய்வு பாதியில் இருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917-இல் திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தால், தங்க ஓர் இடம் தர அந்த ஊரில் ஆளில்லை. விட்ட படிப்பைத் தொடர 1920-இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. அவருக்கே அப்படி என்றால், நாம் கடிதத்தை எத்தனை முறை படிக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் வீட்டில் கேசரி கிண்டிவிடுவார்கள். கிண்டட்டும். ஆனால் கடிதத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு நிதி உறுதி, கட்டணத் தள்ளுபடி முழுதா பாதியா, மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது, கோடை மாதங்களில் பணம் வருமா, பேராசிரியரின் திட்டம் நின்றுபோனால் துறை பொறுப்பேற்குமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிப்பதில்லை. சொந்த நிதியில் படிப்பவர் என்ற பொருளில் ஒரு சொல் அதில் இருந்தால், சேர்க்கை மட்டும்தான் கிடைத்திருக்கிறது, பணம் இல்லை.

“இன்றைக்குள் சம்மதம் சொல்” என்று நெருக்குவதும் உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் கூட்டமைப்பு வகுத்த ஏப்ரல் 15 உடன்பாட்டை நிறைய பல்கலைக்கழகங்கள் ஏற்றிருக்கின்றன. நிதியுதவியோடு இடம் கொடுத்தால், பதில் சொல்ல மாணவருக்கு அந்தத் தேதி வரை அவகாசம் உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் உடன்பாட்டில் கையெழுத்திட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், கையில் வந்த இடமும் போய்விடலாம். 2025-இல் அமெரிக்க மத்திய அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்தபோது சில நிறுவனங்கள் கொடுத்த இடங்களையே திரும்பப் பெற்றன. ஒரே நாட்டை நம்பி எல்லா விண்ணப்பங்களையும் போடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி முகவர்கள். ஒழுங்காக வழிகாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் பிஎச்.டி.யில் உத்தரவாதம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். தேர்வு செய்வது பேராசிரியரும் துறையும். அதை விற்கும் அதிகாரம் வெளியில் எவருக்கும் கிடையாது. முகவர் உண்மையில் விற்பது வேறு சில சரக்குகள். யாரோ எழுதிய நோக்க அறிக்கை, காசு கொடுத்தால் அச்சாகும் போலி ஆய்விதழில் உங்கள் பெயரில் ஒரு கட்டுரை, உங்கள் பேராசிரியர் பெயரில் புதிதாகத் திறந்த மின்னஞ்சலிலிருந்து போகும் பரிந்துரைக் கடிதம். பிடிபட்டால் மாட்டுவது முகவர் அல்ல. பட்டம் வாங்கிய பிறகு தெரிந்தாலும் பட்டத்தை ரத்து செய்யலாம். (நம் கல்லூரிகளில் “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று சொல்லும் சார்களும் இந்தக் கடைகளுக்குத் தெரியாமலே துணை போகிறார்கள்.)

2011 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ட்ரை வேலி என்ற போலிப் பல்கலைக்கழகத்தை அமெரிக்க அரசு சோதனையிட்டபோது, மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சிலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். அந்த நிறுவனத்தை நடத்தியவருக்கு 2014-இல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறை. கனடாவுக்குப் போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு மாணவர்களை அனுப்பிய ஜலந்தர் முகவர் விவகாரம் 2023-இல் வெடித்தது. அவருக்கு 2024-இல் கனடா நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை கொடுத்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் நாடு கடத்தலுக்கு அஞ்சித் தெருவில் உட்கார்ந்து போராடிவிட்டார்கள். கடிதம் உண்மையா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பல்கலைக்கழகத்தின் தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதுங்கள். முகவர் கொடுத்த முகவரிக்கு அல்ல.

சரி, முகவர் இல்லாமல் எப்படி? பேராசிரியரை ஈர்ப்பது உங்கள் கேள்வி. அது நம் ஊரிலேயே கிடக்கிறது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்சி3 என்ற சிமென்டைச் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் சேர்ந்துதான் வளர்த்தெடுத்தன. லாரிப் புழுதி தின்று வளர்ந்த ஒரு சிவில் மாணவர் அந்தத் துறையில் எழுதும் கடிதத்துக்கும், “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளேன்” என்று இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் போகும் கடிதத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா போகும்?

வடிவமைப்புத் துறைக்கு இது இன்னும் பொருந்தும். சின்ன வெங்காயத்தை விதைக்கு வைக்கப் பெரம்பலூர் விவசாயிகள் போடும் பட்டறையைப் பாருங்கள். காற்று கீழிருந்து ஏற வேண்டும், மழை நனைக்கக் கூடாது, செலவும் ஆகக் கூடாது. ஏன் அந்த அகலம், ஏன் அந்த உயரம், எந்த மாதத்தில் அழுகல் தொடங்குகிறது என்று படம் வரைந்து, அளந்து, விவசாயிகளிடம் பேசிப் பதிவு செய்தால் அதுவே ஒரு போர்ட்ஃபோலியோ. டெல்ஃப்ட், ஆல்டோ, கார்னகி மெலன் போன்ற இடங்களில் வடிவமைப்பில் முனைவர் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்தது சிகாகோவின் இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகம், 1991-இல். அங்கெல்லாம் அழகான படத்தைவிட, எதைக் கவனித்தாய் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்செஸ் தளத்தில் காலியிட விவரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே ஆணையம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல் இடங்களுக்கு ஒரு விதி உண்டு. சேரப்போகும் நாட்டில், முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. குன்னத்திலிருந்து நேராகப் போகிறவருக்கு இது தடையே அல்ல. அமெரிக்கப் படிப்புக்குச் சென்னையில் உள்ள அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையில் ஆலோசனை கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் தள்ளுபடி கேட்டு எழுதினால் பல துறைகள் தருகின்றன. பிரிட்டன் பொறியியல் ஆய்வுக்கு ஏட்டாஸ் (ATAS) என்ற அரசு அனுமதி தேவைப்படலாம். அதற்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் பில் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அரசு உதவியும் உண்டு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் மற்றும் மரபுக் கைவினைஞர் குடும்பத்தினர் விண்ணப்பிக்கலாம். வயது 35-க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், மதிப்பெண் 60 சதவீதம் என்பவை முக்கிய நிபந்தனைகள். ஆனால் 2025-இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நிதி வரும்வரை காத்திருக்கச் சொன்னது அமைச்சகம். எனக்கு அது மன்னிக்க முடியாத செயலாகப்படுகிறது. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். வருமான வரம்பை மாற்றி வந்திருக்கிறார்கள் என்பதால் நடப்பு ஆண்டு அறிவிப்பைப் பெரம்பலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள அத்துறையில் கேளுங்கள். இந்தத் திட்டங்களுக்கு வெளியே இருப்பவர்கள் பல்கலைக்கழகச் சம்பளத்தையே குறிவைக்க வேண்டும்.

இன்னொரு சின்னத் தொல்லை, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் வேறொன்று. திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்ட் வரவும் நாளாகும், டிசம்பர் கெடுவுக்கு ஆடியிலேயே கேட்டு வையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால்? அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பிடித்து வைத்துக்கொண்டு பாக்கி கேட்பது ஏமாற்று முகவர்களின் வழக்கம். பாஸ்போர்ட் சட்டம் 1967-இன் 17-ஆம் பிரிவுப்படி அது ஒன்றிய அரசின் சொத்து, அடகு வைக்கும் பொருள் அல்ல. ஏமாற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. அலுவலகம் சென்னையில் இருக்கிறது, அங்கே போய்ப் புகார் கொடு என்று யாராவது அனுப்பினால் போகாதீர்கள், எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வழக்கைப் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போட விடுகிறது. பெரம்பலூர் நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்றம் எதையும் அழிக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்துத் தொலைக்காதீர்கள்.

இணையவழியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குக் கணக்கை முடக்க வாய்ப்பு. மனு எழுத ஆள் வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே வழக்கறிஞர் இலவசம்.