பவளத்தைத் தின்ற நாலடிப் புழு... மீன்தொட்டியில் எல்லாப் புழுவும் எதிரியா?

இங்கிலாந்தின் நியூகே நகரில் இருக்கிறது 'ப்ளூ ரீஃப் அக்வாரியம்'. 2009-ல் அங்கிருந்த கடல்நீர்த் தொட்டி ஒன்றில் பவளங்கள் கடிபட்டுக் கிடந்தன. மீனுக்கும் காயம். பொறி வைத்தும் பலனில்லை. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது சிக்கியது, சுமார் 4 அடி நீளப் புழு! ஊழியர்கள் அதற்கு 'பேரி' என்று பெயரும் வைத்தார்கள்.

இவ்வளவு பெரிய புழு எப்படி உள்ளே வரும்? தொட்டியில் அடுக்கும் 'லைவ் ராக்' எனப்படும் உயிர்ப்பாறையின் துளைகளில், குட்டியாக ஒளிந்து வந்துவிடும். பிறகு இரவில் இரைதேடி வளரும்.

அதற்காக, புழுவைப் பார்த்ததும் மருந்தை ஊற்றிவிடக் கூடாது. முதலில் அது யாரென்று தெரிய வேண்டும்.

நண்பன்: மெலிந்த, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிற 'பிரிஸ்டில் வார்ம்'. மிச்ச உணவையும் செத்த மீனையும் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும். எண்ணிக்கை பெருகினால், நீங்கள் உணவை அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அளவைக் குறைத்தாலே போதும்.

எதிரி 1: 'ஃபயர் வார்ம்'. தடித்த உடல், இரு பக்கமும் வெள்ளை முடிக்கற்றைகள், சிவந்த செவுள்கள். பவளத்தைத் தின்னும். முடி குத்தினால் தீயாய் எரியும். வெறும் கையால் தொடாதீர்கள். இரவில் இறால் துண்டு வைத்து, இடுக்கியால் எடுங்கள்.

எதிரி 2: பேரியின் இனமான 'யூனிசிட்' புழு. தலையில் 5 உணர்கொம்புகள், வானவில்லாய் மின்னும் உடல். பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். மிச்சமிருக்கும் பகுதி மீண்டும் வளரலாம். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் எந்தப் பாறையில் இருக்கிறதெனக் கண்டுபிடித்து, அந்தப் பாறையையே வெளியே எடுப்பதுதான் வழி.

எதிரி 3: சில மில்லிமீட்டரே இருக்கும் செம்பழுப்புத் தட்டைப்புழு. இது கூட்டமாகச் செத்தால் வெளியாகும் நஞ்சு, மீன்களையே கொன்றுவிடலாம். எனவே முதலில் டியூப் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள். அதன்பிறகே மருந்து. அது முடிந்ததும் கொஞ்சம் நீரை மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

இத்தனை பாடும் வேண்டாமென்றால், புதிதாக வாங்கும் பாறையையும் பவளத்தையும் சில வாரங்கள் தனித்தொட்டியில் வையுங்கள். இரவில் விளக்கடித்துப் பாருங்கள். வாசலிலேயே தடுப்பது சுலபம். உள்ளே வந்துவிட்டால், மொத்தத் தொட்டியையும் பிரிக்க வேண்டியிருக்கும்!