பாட்டி நிறுத்திய மாத்திரை

"நான் நல்லாதானே இருக்கேன், எதுக்குடா இந்த மாத்திரை?" போன லீவுக்கு ஊருக்குப் போனப்போ பாட்டி கேட்டாங்க. ரெண்டு வாரமா அவங்களே மாத்திரையை நிறுத்தியிருந்தாங்க. அவங்களுக்கு இருக்கிறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் கிடையாது. எனக்கும் அப்போ பதில் சொல்லத் தெரியலை. அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்கே எழுதறேன்.

நம்ம இதயத்துக்கு சைனஸ் கணுதான் கிளாக். அதோட ஒவ்வொரு சிக்னலுக்கும் முதலில் மேலறைகள் சுருங்கும், அடுத்து கீழறைகள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ல மேலறைகளுக்குள்ள நிமிடத்துக்கு 350க்கும் மேல சிக்னல்கள் தாறுமாறா ஓடும். அதனால அந்த அறைகள் சுருங்காம வெறுமனே நடுங்கும். நடுவுல இருக்கிற ஏவி கணு பல சிக்னல்களைத் தடுத்துடும், மிச்சம்தான் கீழே போகும். அதனாலதான் நாடி ஒழுங்கில்லாம துடிக்குது. ஈசிஜில பி அலையே இருக்காது.

இதுக்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓடாம தேங்குற ரத்தம் உறையும். இடது மேலறையோட ஒட்டின ஒரு சின்னப் பை இருக்கு. வால்வு நோய் இல்லாதவங்களுக்கு உருவாகிற ரத்தக்கட்டிகளில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் உருவாகுது. அதுல ஒரு துண்டு கிளம்பி மூளை ரத்தக்குழாயை அடைச்சா பக்கவாதம். இந்த நோய் இருந்தா அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம்.

பாட்டி சாப்பிட்டது வார்ஃபரின். 1948ல் எலி மருந்தா விற்பனைக்கு வந்து, 1954ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைச்ச மருந்து! சரியான அளவுல சாப்பிட்டா பக்கவாத ஆபத்தை சுமார் மூணுல ரெண்டு பங்கு குறைக்கும். ஆஸ்பிரின் இதுக்கு மாற்று ஆகாது. வார்ஃபரின் சாப்பிடறவங்க ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்யணும். பொதுவா 2க்கும் 3க்கும் நடுவுல இருக்கணும். கீரையில் இருக்கிற வைட்டமின் கே மருந்துக்கு எதிரா வேலை செய்யும். கீரையை விட வேண்டாம், வாராவாரம் ஒரே அளவா சாப்பிட்டா போதும்.

அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் மாதிரி புது மருந்துகளுக்கு ஐஎன்ஆர் தேவையில்லை. ஆனா ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போயிடும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கினவங்களுக்கு இன்னமும் வார்ஃபரின்தான்.

எல்லாருக்கும் இந்த மருந்து தேவைப்படாது. வயசு, பிபி, சுகர், இதயச் செயலிழப்பு, முன்னாடி வந்த பக்கவாதம் இதுக்கெல்லாம் மார்க் போட்டு டாக்டர் முடிவு செய்வார். ரத்தக்கசிவு ஆபத்தும் உண்மைதான். மலம் கருப்பா போனாலோ, தலையில அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பல் பிடுங்கறதுக்குக்கூட நாமளா மருந்தை நிறுத்தக் கூடாது.

பாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பரிசோதனை பண்ணிட்டு மறுபடி ஆரம்பிச்சாச்சு. இப்போ கேட்டா, "இது நல்லா ஆகறதுக்கு இல்ல பாட்டி, நல்லா இருக்கிறது அப்படியே இருக்கறதுக்கு"ன்னு சொல்றேன்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ தாத்தா பாட்டி மணிக்கட்டுல ஒரு நிமிடம் நாடி பாருங்க. துடிப்பு ஒழுங்கில்லாம இருந்தா ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க.