உபயம்: ஒரு விமான நிறுவனம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். நான் பேசப்போற இந்தத் திருச்சி பயணத்துக்கு நான் ஒரு பைசா செலவு பண்ணல. சென்னையிலிருந்து போய் வர டிக்கெட், ஒரு ராத்திரி ஹோட்டல், சாப்பாடு, ஸ்ரீரங்கம் போக வண்டி, எல்லாமே ஒரு விமான நிறுவனத்தோட செலவு. அவங்க பேரை இங்க சொல்லப்போறதில்ல. சொன்னா இந்த எபிசோடே விளம்பரம் ஆயிடும். ஆனா இலவசமா போனேன்ங்கிறது உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும். ஏன்னு கடைசியில புரியும்.

வால் பக்கம் ஒரு முட்டு

முதல்ல ஜாலியான பகுதி. நாங்க போனது ஏடிஆர் 72. இறக்கைக்குக் கீழே ரெண்டு புரொப்பெல்லர் சுத்துமே, அந்தச் சின்ன விமானம். எழுபது சொச்சம் சீட். திருச்சியில இறங்கினதும் எல்லாரும் பஸ் ஏற, எங்க கழுத்துல மட்டும் தற்காலிக பாஸ். கூடவே ஒரு அதிகாரி. விமானத்தைச் சுத்திக் காட்டினாங்க.

ஏடிஆர்ல பயணிகள் ஏறுற கதவு பின்னாடி இருக்கும். பெரிய சரக்குக் கதவு முன்னாடி. இதைப் பல தடவை பார்த்திருக்கேன், ஒரு தடவை கூட ஏன்னு யோசிச்சதில்ல. எல்லாரும் பின்பக்கமா ஏறி இறங்கும்போது வால் பக்கம் பாரம் கூடிடும். மூக்கு மேல தூக்கிட்டா? அதுக்காக வாலுக்கு அடியில ஒரு முட்டு வைக்கறாங்க. அவ்வளவு தொழில்நுட்பத்துக்கு நடுவுல, வாழை மரத்துக்கு முட்டு கொடுக்கிற அதே யோசனை!

இன்னொண்ணு. சில சமயம் விமானம் நிக்கும்போதே வலது பக்க இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும், ஆனா புரொப்பெல்லர் சுத்தாது. அதைப் பிரேக் போட்டுப் பிடிச்சு வச்சுட்டு, இன்ஜினை கரண்டுக்கும் ஏசிக்கும் பயன்படுத்தறாங்க. இதுக்குப் பேரு 'ஹோட்டல் மோட்'. பெரிய ஜெட் விமானங்களோட வால்ல இதுக்குன்னே தனியா ஒரு குட்டி இன்ஜின் உண்டு. ஏடிஆர்ல அது கிடையாது.

அப்புறம் 'லோட் அண்ட் ட்ரிம் ஷீட்'. யார் எங்க உட்கார்றாங்க, பெட்டி எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, மொத்த எடையோட மையம் எங்க விழுது, எல்லாம் அதுல இருக்கும். கேப்டன் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டாதான் விமானம் கிளம்பும். பாதி காலியான விமானத்துல "சார், நீங்க முன்னாடி வந்து உட்காருங்க"ன்னு கூப்பிட்டா, அது மரியாதைக்காக மட்டும் இருக்காது. எடைக் கணக்காவும் இருக்கலாம்.

நான் சின்னப் பையன் மாதிரி வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். அதுல எனக்கு வெட்கமே இல்ல.

ஏன் கூப்பிடறாங்க?

இந்த மாதிரிப் பயணத்தை சுற்றுலாத் துறையில 'ஃபேம் ட்ரிப்'னு சொல்வாங்க. டிராவல் ஏஜென்ட், பத்திரிகையாளர், இப்போ எங்களை மாதிரி பாட்காஸ்ட், ரீல்ஸ் ஆளுங்க. கணக்கு ரொம்ப எளிது. வாரநாள் விமானத்துல காலியா போற சீட்டுக்கு நிறுவனத்துக்கு ஆகுற கூடுதல் செலவு ரொம்பக் கம்மி. அதே சீட்டுல என்னை உட்கார வச்சா, நான் வந்து உங்ககிட்ட அரை மணி நேரம் பேசுவேன். அதே அரை மணி நேரத்தை விளம்பரமா வாங்கினா எவ்வளவு ஆகும், யோசிச்சுப் பாருங்க.

இதுல தப்பு எதுவும் இல்ல. ஆனா திருச்சி விமான நிலையத்துக்கு யார் வர்றாங்கன்னு பாருங்க. புது டெர்மினல் 1,100 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணிக் கட்டினது. 2024 ஜனவரி 2-ல திறந்து, ஜூன் மாசம் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரச் சாயல், கோலம், சுவரோவியம்னு பார்க்க அழகா இருக்கு. ஆனா வெளிநாட்டு கவுன்டர் வரிசையில நிக்கிறவங்கள்ல நிறையப் பேர் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போறவங்க. புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஆளுங்க. வீட்டுல எடை போட்டுக் கயிறு கட்டின அட்டைப்பெட்டியை கவுன்டர்ல திரும்பப் பிரிச்சு, ரெண்டு கிலோ குறைக்கிறவங்க. எங்க டூர்ல அந்த கவுன்டர் இல்ல. டிக்கெட் தேதி மாத்தினா எவ்வளவு பிடிப்பாங்க, விமானம் ரத்தானா யார் போனை எடுப்பாங்க, அதுவும் இல்ல. 'திரைக்குப் பின்னால்'னு காட்டினாலும், அந்த இடத்துக்கும் ஒரு திரை இருக்கு.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்

திருச்சிக்காரங்களுக்கு 2024 அக்டோபர் 11 மறக்காது. ஷார்ஜாவுக்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துல ஹைட்ராலிக் கோளாறு. உள்ள நூத்தி நாப்பது பேர்கிட்ட. விமானம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வானத்துல வட்டமடிச்சுது. கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசையா நின்னுச்சு. டிவியில பார்த்தவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் உடனே இறக்க மாட்டேங்கறாங்க?"

காரணம் எடை. ஷார்ஜா வரைக்கும் போக எரிபொருள் நிரப்பின விமானம், தரையிறங்கலாம்னு நிர்ணயிச்ச எடையை விடக் கனமா இருக்கும். சில பெரிய விமானங்கள் எரிபொருளை வானத்துலேயே வெளியேத்தும். போயிங் 737-ல அந்த வசதி கிடையாது. பறந்து பறந்து எரிச்சுத்தான் தீர்க்கணும். கடைசியில பத்திரமா இறங்கிட்டாங்க.

அந்த ராத்திரி உழைச்ச விமானிங்க, கட்டுப்பாட்டு அறை, ரன்வே ஓரத்துல காத்திருந்த தீயணைப்புக்காரங்க, இவங்கதான் நிஜமான திரைக்குப் பின்னால். ஆனா எந்த நிறுவனமும் என்னை இலவசமா கூட்டிட்டுப் போய்க் காட்டுற காட்சி இல்ல அது. அதைப் பத்தி நான் என்ன பேசுவேன்ங்கிறது அவங்க கையில இருக்காதே.

ஸ்ரீரங்கத்து டியூப்லைட்

மறுநாள் காலையில ஸ்ரீரங்கம். 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும். விஜயநகர அரசர் அச்சுதராயர் காலத்துல தொடங்கி, நின்னுபோய், பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமாவே கிடந்தது. 1987-லதான் 13 நிலையோட முடிஞ்சுது. அகோபில மடத்து 44-வது ஜீயர் முன்னாடி நின்னு நடத்தினார். ஊரே காசு போட்டுச்சு. ஒரு நிலைக்கான செலவைக் கொடுத்தவர் இளையராஜா.

நம்ம ஊர்க் கோயில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீங்க. 'உபயம்: இன்னார்'னு பெயிண்ட்ல எழுதி எழுதி, வெளிச்சமே வெளிய வராது. சிரிப்போம். ஆனா யோசிச்சா, அந்த லைட் பொய் சொல்லல. யார் காசுல எரியுதுன்னு அதோட உடம்புலேயே எழுதியிருக்கு.

ஸ்ரீரங்கத்துல 600-க்கும் மேல கல்வெட்டுகள் இருக்கு. பொதுவா கோயில் கல்வெட்டுல யார் கொடுத்தா, என்ன கொடுத்தா, எதுக்காக, இதை நடத்த யார் பொறுப்பு, எல்லாம் இருக்கும். சோழர் காலத்துல ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடு, 96 ஆடுன்னு எண்ணிக்கையோட வெட்டி வச்சிருக்காங்க. நம்ம ரீல்ஸ்ல முப்பது ஹேஷ்டேக்குக்கு நடுவுல ஒளிச்சு வைக்கிறோமே, அதோட இதை ஒப்பிட்டுப் பாருங்க.

சட்டமும் இன்னைக்கு இதைத்தான் கேட்குது. 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, காசு மட்டுமில்ல, இலவசப் பயணம், ஹோட்டல் தங்கல் கூட வெளிப்படையா சொல்லியாகணும். அதுவும் பேசுற மொழியிலேயே. மக்களைத் தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும், திரும்பத் திரும்பப் பண்ணினா 50 லட்சம் வரைக்கும் அபராதம் உண்டு. விளம்பரத் தர கவுன்சிலோட விதியில ஆடியோவுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு: ஆரம்பத்துலயும் சொல்லணும், முடிவுலயும் சொல்லணும், நடுவுல பிரேக் எடுத்தா முன்னாடியும் பின்னாடியும் சொல்லணும்.

ஆனா உபயம்னு எழுதிட்டா மட்டும் வேலை முடியல. இலவசப் பயணம் பத்தி யார் பேசினாலும் மூணு கேள்வி கேளுங்க. யார் செலவு? எதைக் காட்டல? காசு கொடுத்துப் போயிருந்தா இதையே சொல்லுவாங்களா? அப்புறம், விமானங்கள் எவ்வளவு நேரத்துக்குக் கிளம்புது, எத்தனை ரத்தாச்சு, எவ்வளவு புகார் வந்துச்சுன்னு டிஜிசிஏ மாசாமாசம் உள்நாட்டு விமானங்களுக்குக் கணக்கு வெளியிடுது. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாருங்க. அதுவும் திரைக்குப் பின்னால்தான். பாஸ் தேவையில்ல.

மூணாவது கேள்விக்கு என் பதில்: வாலுக்கு வச்ச அந்த முட்டைப் பத்தி, காசு கொடுத்துப் போயிருந்தாலும் இதே குஷியோட சொல்லியிருப்பேன். சீட், சாப்பாடு, சேவை பத்தி சொல்ல மாட்டேன். விருந்தாளியா போனவன் சொல்ற மார்க் அதுக்குச் செல்லாது.

விதிப்படி முடிவுலயும் ஒரு தடவை: இந்தப் பயணம், உபயம். அடுத்த வாரம் பார்ப்போம்.