‘கோர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் விரிவும் சட்டத் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

நீதிமன்றத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘கோர்ட்’ என்னும் சொல் முற்றம், அரசவை, ஆளுகைக் குழு, ஆடுகளம், காதல் நாடுதல் எனப் பல பொருள்களை உடையது. அகராதிகள் இவற்றை எண்ணிட்டு அடுக்குகின்றனவேயன்றி, ஒன்றோடொன்று தொடர்புறும் முறையை விளக்குவதில்லை. இப்பொருள்கள் அனைத்தும் ‘அடைக்கப்பட்ட இடம்’ என்னும் ஒரு மூலப்பொருளிலிருந்து, தமிழ் இலக்கணம் இடவாகுபெயர் எனக் குறிக்கும் நெறியில் கிளைத்தவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சட்ட நூல்களையும் தீர்ப்புகளையும் தமிழாக்குவோர்க்கு இத்தெளிவு எவ்வாறு பயன்படும் என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கோர்ட், நீதிமன்றம், மன்றம், இடவாகுபெயர், பலபொருள் ஒருசொல், சட்டத் தமிழ், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

பேச்சுவழக்கில் ‘கோர்ட்டு’ எனவும் எழுத்துவழக்கில் ‘நீதிமன்றம்’ எனவும் வழங்குவதால், இவ்விரு சொற்களும் ஒன்றற்கொன்று நேர்நிகர் என்னும் எண்ணம் இயல்பாக எழுகிறது. ஆங்கிலச் சொல்லின் பரப்பு மிகப் பெரிது. நீதிமன்றம் அதன் ஒரு கிளைக்கு மட்டுமே நிகராகும். அக்கிளைக்குள்ளும் கட்டடம், நிறுவனம், அமர்வு, நீதிபதி, அதிகாரம் எனப் பொருள் மாறுகிறது. இலக்கிய மொழிபெயர்ப்பில் இம்மாற்றத்தைக் கவனியாது விட்டால் நடை கெடும். சட்ட மொழிபெயர்ப்பில் கவனியாது விட்டால் உரிமை கெடும். இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் கணினிக் கருவிகளின் துணையோடு இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வரும் இக்காலத்தில், இச்சொல்லின் அமைப்பை ஆராய்தல் இன்றியமையாததாகிறது.

சொல் வரலாறு

இச்சொல்லின் மூலம் ‘கோகோர்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். வேலியிட்ட இடம், பண்ணை முற்றம் என்பன அதன் தொடக்கப் பொருள்கள். தோட்டத்தைக் குறிக்கும் ‘ஹோர்டுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லும், ஆங்கிலத்தின் ‘யார்டு’, ‘கார்டன்’ ஆகிய சொற்களும் இதனோடு ஒரு வேரின என்பர் மொழிநூலார். முற்றத்தைக் குறித்த அச்சொல் காலப்போக்கில் ஓரிடத்தில் திரண்ட வீரர் கூட்டத்தையும், பின்னர் உரோமானியப் படைப்பிரிவையும் குறித்தது. இடத்தின் பெயர் இடத்தில் உள்ளார்க்கு ஆகிவரும் நிலை இலத்தீனிலேயே தொடங்கிவிட்டது என்பது இதனாற் புலனாகும்.

பிற்கால இலத்தீனில் ‘கோர்டிஸ்’, ‘கூர்டிஸ்’ எனவும், பழைய பிரெஞ்சில் ‘கோர்ட்’ எனவும் திரிந்த இச்சொல், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் ஆங்கிலத்திற் புகுந்தது. இடைக்காலப் பிரெஞ்சு எழுத்தர் இதனை, அவையைக் குறிக்கும் ‘கூரியா’ என்னும் வேறொரு இலத்தீன் சொல்லோடு இணைத்து எண்ணினர். அதன் விளைவாகப் பிரெஞ்சு வடிவம் இறுதி மெய்யை இழந்து ‘கூர்’ என்றாயிற்று. ஆங்கில வடிவம் பழைய மெய்யை இன்றும் காத்து நிற்கிறது.

அரசவையும் நீதியவையும்

இடைக்கால ஐரோப்பாவில் மன்னனின் மாளிகை முற்றம், அங்குக் கூடிய சுற்றம், அவன் நடத்திய ஆட்சி, அவன் வழங்கிய நீதி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் நிகழ்ந்தன. ஆகவே ஒரு சொல்லே அவற்றுக்குப் போதுமானதாயிற்று. மன்னன் நாடெங்கும் சுற்றியதால் நீதி வேண்டுவோர் அவனைத் தொடர்ந்து செல்ல நேர்ந்தது. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, தன் 17ஆம் கூற்றில், பொது உரிமை வழக்குகள் மன்னனின் அவையைப் பின்தொடர்ந்து செல்லலாகாது, நிலையான ஓரிடத்தில் விசாரிக்கப்படல் வேண்டும் என விதித்தது. அரசவை வேறு, நீதிமன்றம் வேறு என்னும் பிரிவு வலுப்பெற்ற இடங்களுள் இது முதன்மையானது. சொல் பிரியவில்லை, பொருள் மட்டும் பிரிந்தது. பிரித்தானியாவிற்கு அனுப்பப்படும் தூதர்கள் இன்றும் ‘செயின்ட் ஜேம்ஸ் கோர்ட்’டிற்கு உரியவராகவே அமர்த்தப்படுகின்றனர். இத்தொடரில் உள்ளது அரசவையே.

தமிழ் மரபிலும் இவ்வொருமையைக் காணலாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்குரைக்கும் இடம் பாண்டியனின் அரசவை. அதுவே நீதி வழங்கும் அவையும் ஆகும். ஆங்கிலத்தில் இக்காட்சியை எழுதுவோர்க்கு ஒரு சொல் போதும். அதனை மீண்டும் தமிழில் பெயர்ப்பவர் ‘நீதிமன்றம்’ என எழுதினால், அரசனே நடுவனாகவும் குற்றவாளியாகவும் நிற்கும் அக்காட்சியின் உயிர்நிலை மறைந்துபோகும்.

நீதி சாராத கிளைகள்

ஆங்கிலத்தில் ‘கோர்ட்’ எனப் பெயர்பெற்ற அமைப்புகள் யாவும் நீதி வழங்குவன அல்ல. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ‘ஜெனரல் கோர்ட்’ என்பது சட்டமன்றத்தின் பெயர். கிழக்கிந்தியக் கும்பினியின் ‘கோர்ட் ஆஃப் டைரக்டர்ஸ்’ அதன் இயக்குநர் அவையாகும். சென்னை மாகாண வரலாற்றில் அடிக்கடி வரும் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. உரிய வயதெய்தாத ஜமீன்தார்களின் சொத்துகளை நிருவகித்த அமைப்பு இது. சென்னை மாகாணத்தில் வருவாய் வாரியமே இப்பணியை ஆற்றியது. பாஸ்கர சேதுபதி சிறுவராயிருந்தபோது இராமநாதபுரம் ஜமீன் இதன் நிருவாகத்தில் இருந்தது. இதனை ‘நீதிமன்றம்’ எனப் பெயர்த்தால், ஜமீன் ஏதோ வழக்கில் சிக்கியதாக வாசகர் கொள்வர். ‘இளையோர் சொத்துக் காப்பு வாரியம்’ என்பது போன்ற விளக்கப் பெயரே பொருந்தும்.

விளையாட்டுக் கிளைக்கும் மூலம் முற்றமே. பழைய டென்னிஸ் சுவர்களால் அடைக்கப்பட்ட இடத்தில் ஆடப்பட்டது. 1789 சூன் 20இல் பிரெஞ்சுத் தேசிய அவையினர் வெர்சாய் நகரில் உறுதிமொழி ஏற்ற டென்னிஸ் கோர்ட் கூரையுடைய ஓர் உள்ளரங்கம். அதனை ‘மைதானம்’ எனப் பெயர்த்தால் திறந்தவெளி என்னும் தவறான காட்சி தோன்றும். ‘ஆடுகளம்’ அல்லது ‘ஆட்டக்கூடம்’ தகும்.

வினைச்சொல்லாக வரும்போது இது அரசவையோர் ஒழுகலாற்றிலிருந்து பிறந்தது. அரசனின் தயவை நாடுதல், பின்னர் ஒருத்தியின் அன்பை நாடுதல், அதன்பின் எதனையும் வலிந்து வரவழைத்தல் எனப் பொருள் நகர்ந்தது. இந்திய ஆங்கிலத்தில் இறுதிப் பொருளுக்குத் தனிச் சிறப்புண்டு. 1940இல் தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தில் தொண்டர்கள் ‘கோர்ட்’ செய்தது கைதினை, அதாவது, தாமே முன்வந்து கைதாயினர். பணிவையும் நன்னடத்தையையும் குறிக்கும் ‘கர்ட்டசி’ என்னும் சொல்லும் இவ்வரசவைக் கிளையைச் சார்ந்ததே.

இடவாகுபெயர் என்னும் விளக்கம்

மேற்கண்ட கிளைகளை இணைக்கும் நெறியை நன்னூலின் ஆகுபெயர்க் கோட்பாடு தெளிவாக்குகிறது. ‘ஊர் சிரித்தது’ என்புழி ஊர் என்னும் இடப்பெயர் ஊராருக்கு ஆகிவருவது போல, முற்றம் என்னும் இடப்பெயர் முற்றத்தில் கூடிய சுற்றத்தார்க்கும், அவர்தம் அதிகாரத்திற்கும், அவர்தம் செயலுக்கும் ஆகிவந்துள்ளது. இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. ஜெர்மன் மொழியின் ‘ஹோஃப்’ என்னும் சொல்லும் முற்றம், அரசவை, நீதிமன்றம் ஆகிய மூன்றிலும் பயில்கிறது.

தமிழின் ‘மன்றம்’ இதே வழியில் நடந்ததே. சங்க இலக்கியத்தில் மன்றம் என்பது ஊர்ப் பொதுவிடம், மரத்தடி, மக்கள் கூடும் வெளி. பின்னர்க் கூடிய அவைக்கு ஆயிற்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘மன்றுபாடு’ என்பது மன்றில் விதிக்கப்பட்ட தண்டத்தைக் குறிக்கிறது. அதே கல்வெட்டுகளில் நீதி வழங்கும் அமைப்புக்கு வரும் ‘தன்மாசனம்’ இருக்கையால் பெற்ற பெயர். ஆங்கிலத்தில் நீதிபதியின் இருக்கையாகிய ‘பெஞ்ச்’ அமர்வுக்குப் பெயரானமையோடு இதனை ஒப்பிடலாம். கும்பினியார் காலச் சென்னையில் நகர மக்களின் வழக்குகளை விசாரித்த அமைப்பு, அது கூடிய சாவடியின் பெயரால் ‘சௌல்ட்ரி கோர்ட்’ என வழங்கியது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சொல் அடைமொழியின்றித் தனித்து நின்றே நீதி அமைப்பை உணர்த்தும். ‘மன்றம்’ அவ்வாறு உணர்த்தாது. சட்டமன்றம், நாடாளுமன்றம், மாமன்றம், இரசிகர் மன்றம் என அது பொதுச்சொல்லாகவே நிலைத்துள்ளது. ஆகவே நீதி என்னும் அடை தவிர்க்கவியலாததாகிறது. நுகர்வோர் பூசல்களுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவிய மாவட்ட அமைப்பு தமிழில் ‘குறைதீர் மன்றம்’ எனப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஆணையமாக்கியது. மக்கள் வழக்கிலோ அது அன்றும் இன்றும் ‘நுகர்வோர் கோர்ட்டு’.

சட்டத்திற்குள் அமைந்த பொருள் வேறுபாடுகள்

சட்டங்கள் இச்சொல்லைத் தத்தம் நோக்கிற்கேற்ப வரையறுக்கின்றன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 20ஆம் பிரிவில், நீதிமுறைப்படி செயற்படும்போது உள்ள நீதிபதியை அல்லது நீதிபதிகளின் குழுவை இச்சொல்லால் குறித்தது. அங்கே அது கட்டடமோ நிறுவனமோ அன்று, செயலில் உள்ள ஆள். அப்பிரிவின் எடுத்துக்காட்டு, சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 7ஆம் ஒழுங்குவிதிப்படி வழக்குகளை விசாரித்து முடிவு செய்யும் அதிகாரம் பெற்ற பஞ்சாயத்தும் ‘கோர்ட் ஆஃப் ஜஸ்டிஸ்’ ஆகும் என்கிறது. ஊர் மன்றம் ஒன்று ஆங்கிலச் சட்டச் சொல்லின் எல்லைக்குள் முறையாக இடம்பெற்ற நிகழ்வு இது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமோ நீதிபதிகள், நடுவர்கள் ஆகியோரோடு, சாட்சியம் பெறச் சட்டப்படி அதிகாரம் உடைய அனைவரையும் இச்சொல்லில் அடக்கி, இசைவுத் தீர்ப்பாளரை மட்டும் விலக்கியது. 1996ஆம் ஆண்டின் இசைவுத் தீர்வு மற்றும் சமரசச் சட்டம், உள்நாட்டு இசைவுத் தீர்வைப் பொறுத்தவரை, மாவட்டத்தின் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தையும், தொடக்கநிலை உரிமையியல் அதிகாரமுள்ள உயர் நீதிமன்றத்தையும் மட்டுமே இச்சொல்லால் கருதுகிறது. கீழ்நிலை நீதிமன்றங்கள் இதிற் சேரா. ஆங்கிலத்தில் ஒன்றாக நிற்கும் சொல் மூன்று சட்டங்களில் மூன்று எல்லைகளைக் கொள்கிறது. அரசியலமைப்பின் 136ஆம் உறுப்பு ‘கோர்ட்’, ‘டிரிபியூனல்’ இரண்டையும் வேறுபடக் கூறுவதால், நீதிமன்றம், தீர்ப்பாயம் என்னும் வேறுபாட்டையும் தமிழ் காத்தல் வேண்டும்.

தமிழின் திணைப் பாகுபாடு இங்கு மற்றொரு சிக்கலைத் தருகிறது. ஆங்கிலத் தீர்ப்பில் நீதிபதி தம்மையே ‘இந்தக் கோர்ட்’ எனச் சுட்டுவார். தமிழில் ‘நீதிமன்றம் கருதுகிறது’ என்பது அஃறிணை முடிபு, ‘நீதிபதி கருதுகிறார்’ என்பது உயர்திணை முடிபு. முன்னது நிறுவனத்தின் குரல், பின்னது ஆளின் குரல். ஒரே பத்தியில் இரண்டையும் கலந்து எழுதினால், முடிவு யாருடையது என்னும் ஐயம் எழும். தீர்ப்புரையில் நிறுவனக் குரலையே சீராகப் பேணுதல் நலம்.

‘ஓப்பன் கோர்ட்’ என்னும் தொடரில் பழைய இடப்பொருள் மீண்டும் தலைகாட்டுகிறது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 327ஆம் பிரிவில், குற்றவியல் விசாரணை நிகழும் இடம் பொதுமக்கள் செல்லத்தக்க திறந்த இடமாகக் கருதப்படும் என்றது. ‘திறந்த நீதிமன்றம்’ என்னும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, பூட்டுத் திறந்ததைக் குறிப்பதுபோல் மயக்கம் தரலாம். ‘பொதுமக்கள் அறிய நடைபெறும் விசாரணை’ என்பதே கருத்து. இதற்கு மறுதலையான ‘இன் கேமரா’ ஒளிப்படக் கருவியைச் சுட்டுவதன்று. இலத்தீனில் ‘கேமரா’ என்பது அறை. ஆகவே அது ‘மூடிய அறை விசாரணை’. தன் அடையாளம் வெளிப்படாதிருக்க வேண்டி நிற்கும் ஒரு பெண்ணுக்கு, விசாரணை படம் பிடிக்கப்படும் எனத் தவறாகப் பொருள் சொல்லப்பட்டால் நேரும் அச்சம் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

மொழியுரிமையும் சொல்லும்

ஆங்கிலமும் தன் நாட்டு நீதிமன்றத்தில் தனக்குரிய இடத்தை நெடுங்காலம் பெறவில்லை. வழக்குரைஞர் பிரெஞ்சில் வாதிட்டனர், ஆவணங்கள் இலத்தீனில் எழுதப்பட்டன. பிரெஞ்சு மக்களுக்கு விளங்கவில்லை என்னும் காரணங்காட்டி, வாதங்கள் ஆங்கிலத்தில் நிகழ 1362இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது. ஆவணங்களிலிருந்து இலத்தீன் முற்றாக அகல 1733ஆம் ஆண்டாயிற்று. ஆங்கிலம் அயற்சொற்களை விலக்கி வெல்லவில்லை. ‘கோர்ட்’ உள்ளிட்ட பிரெஞ்சுச் சொற்களைத் தனதாக்கி, பொருளைத் துல்லியமாக வரையறுத்தே வென்றது.

தமிழகத்தில் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் அதன் 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தன. உயர் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு ஆங்கிலத்தையே முதன்மையாக்குகிறது. அங்கும் தமிழை வேண்டிச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வுரிமை கிட்டும்போது அதனைத் தாங்கவல்ல வரையறுத்த கலைச்சொற்கள் அணியமாயிருத்தல் வேண்டும்.

முடிவுரை

‘கோர்ட்’ என்னும் சொல்லின் பொருள்கள் சிதறியவை அல்ல. இடம், கூட்டம், அதிகாரம், ஆள், செயல் என்னும் வரிசையில் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, ‘இச்சொல்லுக்குத் தமிழ் யாது?’ என்பதன்று. ‘இவ்விடத்தில் இச்சொல் இவ்வரிசையின் எந்த நிலையில் நிற்கிறது?’ என்பதே. சட்டத்தமிழ் அகராதிகள் இச்சொல்லுக்கு ஒரே நிகரனைத் தருவதை விடுத்து, சட்டந்தோறும் அதன் வரையறை எல்லையையும் உடன் குறித்தல் வேண்டும். பெஞ்ச், பார், சேம்பர், ஃபோரம் முதலாய பிற நீதித்துறைச் சொற்களும் இடப்பெயர்களாகவே தொடங்கியவை. அவற்றையும் இந்நெறியில் ஆராய்தல் சட்டத் தமிழுக்கு ஆக்கம் தரும்.