பன்னிரண்டாயிரத்துக்கு பிஎஸ் 4: மலைக்கு ஏற்றலாமா?

“பிஎஸ் 4 ஃபேட், 500 ஜிபி, ரெண்டு ஜாய்ஸ்டிக், ரீஃபர்பிஷ்டு பீஸ், பக்கா கண்டிஷன், பன்னிரண்டாயிரம். கடைசி விலை.”

வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு வரி வந்து விழுகிறது என்று வையுங்கள். சேலம் அஸ்தம்பட்டியில் இருப்பவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் ஒரு டீ குடித்துவிட்டு வீடு திரும்புவார். சேர்வராயன் மலையில், குப்பனூர் பக்கம் இறங்கும் பாதையில் இருக்கிற கொட்டச்சேட்டுக்காரருக்குக் கணக்கே வேறு. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் கையில் கொஞ்சம் காசு புரளும். பையன் போன வருஷத்திலிருந்தே நச்சரித்துக்கொண்டிருப்பான். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்கி, மெஷினை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார். மூன்றாவது வாரம் அது ஆன் ஆகாவிட்டால் மறுபடியும் அதே பஸ், இன்னொரு நாள் கூலி. ரிப்பேருக்காக இறங்கி ஏறும் அந்த இரண்டாவது பயணத்தையும் சேர்த்துத்தான் மலையில் விலை பேச வேண்டும்.

புதுசு வாங்கலாமே என்று கேட்பவர்கள் விலைப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. சோனியின் பிளேஸ்டேஷன் 4, அதாவது பிஎஸ் 4, இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் வந்தபோது 39,990 ரூபாய். பிஎஸ் 5 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 49,990. அடுத்த ஆண்டே 54,990 ஆனது. வீடியோ கேம் கன்சோல் மீதான ஜிஎஸ்டி 2019 ஜனவரியிலிருந்து 28 சதவீதம் 18 ஆகக் குறைந்ததுகூட நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய வித்தியாசம் எதையும் செய்துவிடவில்லை. அதனால் தமிழ்நாட்டில் கேம் மெஷின் என்றாலே பெரும்பாலும் கைமாறி வந்த பொருள்தான். தொண்ணூறுகளில் 9999 கேம் என்று அட்டையில் போட்டு, உள்ளே சில கேம்களையே திரும்பத் திரும்ப அடுக்கியிருந்த மஞ்சள் கேசட்டில் மரியோவும் கான்ட்ராவும் ஆடிய தலைமுறை, பிறகு மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து கடையில் பிஎஸ் 2 ஆடியது. பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் அந்தக் காலத்தில் இந்த உலகத்தின் இரண்டு வாசல்கள். மவுன்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், ஒருவர் கழித்துக் கட்டிய எலெக்ட்ரானிக்ஸ் சாமானை இன்னொருவர் உயிர்ப்பித்து விற்கும் ரிச்சி தெரு வியாபாரம் இன்றும் நடக்கிறது. நம் ஊர் சின்னக் கடைகளில் பல பீஸ்கள் அங்கே போய்வந்தவைதான்.

சிக்கல் ‘ரீஃபர்பிஷ்டு’ ஸ்டிக்கரில் இருக்கிறது. அமெரிக்காவில் சோனியே பழைய பிஎஸ் 5-ஐச் சரிசெய்து தன் பெயரில் விற்றிருக்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கம்பெனி நிற்கிறது. இங்கே நிற்பது பெரும்பாலும் ஒரு மேஜையும் ஒரு ஹீட் கன்னும். பழைய மின்னணுப் பொருளைச் செப்பனிட்டு விற்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள் சொல்கின்றன. கவுன்டரில் நின்று பதிவு எண் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். திறமையான மெக்கானிக் இல்லை என்று நான் சொல்லவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ‘போர்டையே மாற்றணும்’ என்று கைவிரித்ததை, லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கெப்பாசிட்டரை மாற்றி ஓடவிட்டவர்கள் நம் ஊரில் உண்டு. வெளியே பாலிஷ் போட்டு, உள்ளே தூசிகூடத் தட்டாமல் அதே ஸ்டிக்கரை ஒட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு மெஷினும் ஷோகேஸில் ஒரே மாதிரிதான் மினுமினுக்கும்.

மெஷின் பழுதாவதில் எவ்வளவு பெரிய கம்பெனியும் தப்பவில்லை என்பதற்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 சாட்சி. 2005-இல் வெளியான அந்த மெஷினில், பவர் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் கதை முடிந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பில் இருந்த நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயின. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. இதற்குத் தெருவோர வைத்தியம் ஒன்று பரவியது: சிப்பை ஹீட் கன்னில் சூடுகாட்டு, இணைப்பு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளவும் செய்தது, சில வாரங்களுக்கு. அந்த வாரங்களுக்குள் மெஷினை விற்றுவிட்டால் விற்றவர் தப்பித்தார். பிஎஸ் 3-க்கும் இதே வைத்தியம் நடந்தது. இன்றைக்கும் ‘போர்டு சர்வீஸ் ஆன பீஸ்’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்த ஹீட் கன்தான் கண்ணில் தெரிகிறது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது இல்லை. “இதுக்கு முன்னாடி இதை யாரு தம்பி திறந்தது?” என்று கேளுங்கள். “ஓப்பனே பண்ணலைங்கண்ணா, கம்பெனி சீல்” என்று பதில் வந்தால் மெஷினைத் திருப்பி பின்பக்கத்தைப் பாருங்கள். ‘ஃபேட்’ எனப்படும் பருமனான பழைய மாடலில் பின்னால் நான்கு ஸ்க்ரூ. அவற்றில் சிலவற்றை மூடி வாரண்டி ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா, ஸ்க்ரூ தலை மழுங்கியிருக்கிறதா என்று விரல்நுனியால் தடவினாலே தெரியும். திறந்திருந்தால் அதுவே குற்றம் இல்லை. பத்து வருஷ மெஷினில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். ஒருவர் திறந்து புதுசு வைத்திருந்தால் நல்லதுதான். திறந்துவிட்டுத் திறக்கவில்லை என்று சொல்வதுதான் ஆபத்து. அந்த ஒரு பொய்யிலேயே நான் எழுந்து வந்துவிடுவேன்.

மெஷினில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண் இருக்கும். சி-யு-எச் 1000, 1100 என்று தொடங்கினால் முதல் தலைமுறை. இவற்றில் ஆன், எஜெக்ட் இரண்டும் அழுத்தும் பட்டன் கிடையாது, தொட்டால் வேலை செய்யும் கோடு. எஜெக்ட் சென்சாருக்கு அடியில் இருக்கும் ரப்பர் கால் நாளடைவில் உப்பி மேலே அழுத்தும். யாரும் தொடாமலே மெஷின் பீப் பீப் என்று கத்தி டிஸ்க்கை வெளியே தள்ளும். பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தக் காலைத் தளர்த்தினாலோ எடுத்துவிட்டாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். 2015-இல் வந்த 1200 வரிசையில் நிஜமான பட்டன் வைத்தார்கள். மின்சாரமும் குறைவாக எடுக்கும், சூடும் குறைவு. 2016-இல் வந்த ஸ்லிம் இன்னும் அமைதி. இரண்டாயிரம் கூடினாலும் 1200 அல்லது ஸ்லிம் பக்கமே நான் சாய்வேன்.

பிறகு ஒரு கனமான கேமைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேன் பிரஷர் குக்கர் மாதிரி இரைந்தால் உள்ளே தூசியும் காய்ந்த பேஸ்ட்டும் இருக்கிறது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ வயரை மெல்ல ஆட்டுங்கள், படம் விட்டு விட்டு வந்தால் போர்ட் போய்விட்டது. ஜாய்ஸ்டிக்கை மேஜையில் வைத்துக் கையை எடுங்கள், திரையில் ஆள் தானாக நகரக் கூடாது.

மலைக்காரருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம் டிஸ்க் டிரைவ். காரணம் எளிது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவை ஒவ்வொன்றும் 100 ஜிபி அளவு. செல்போனில் தினம் 2 ஜிபி டேட்டா போட்டிருக்கும் வீட்டில், வேறு எதற்கும் தொடாமல் இருந்தால்கூட ஒரு கேம் இறங்க ஐம்பது நாள். மரக்கூட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் சிக்னல் எப்படி இருக்கும் என்று மலைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் இருந்தால் போட்டு ஆடலாம், அலுத்துப்போனால் பக்கத்து ஊர்ப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம். ரெட் டெட் இரண்டு டிஸ்க்கில் வந்தது; வாங்கும்போது இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். (பிஎஸ் 5-இல் இந்த நிம்மதியும் குறைந்துவருகிறது. 2022-இல் வந்த ஒரு கால் ஆஃப் டூட்டி டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பிதான், மீதியெல்லாம் டவுன்லோடு.) டிரைவ் கெட்டால் இன்னொரு பிஎஸ் 4-இன் டிரைவைக் கழற்றி மாட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். டிரைவில் இருக்கும் சின்ன போர்டு அந்தந்த மெஷினின் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறொன்றின் போர்டை மாட்டினால் கேம் டிஸ்க்கைப் படிக்காது. லென்ஸை மாற்றலாம், போர்டு அதே போர்டாக இருக்க வேண்டும். டிரைவ் வேலை செய்யாத பிஎஸ் 4 ஐயாயிரத்துக்கு வந்தாலும் கொட்டச்சேட்டுக்கு அது விலை அதிகம்.

“டிஸ்க் எதுக்குண்ணா, நாப்பது கேம் லோடு பண்ணியே தர்றேன்” என்பார்கள். இதில் இரண்டு வகை. ஒன்று, விற்பவரின் அக்கவுண்டில் வாங்கிய கேம்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றி அக்கவுண்டை வேறு மெஷினுக்குக் கொண்டுபோனால், நெட் இணைத்த அன்றைக்கே எல்லாவற்றுக்கும் பூட்டு விழும். இன்னொன்று ஜெயில்பிரேக் செய்தது. அது திருட்டுப் பிரதி என்பது ஒருபுறம் இருக்கட்டும். மெஷின் முழுதாக அணைந்து எரியும்போதெல்லாம் அந்த வித்தையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு காற்றடித்தால் கம்பியில் சில்வர் ஓக் கிளை விழும் ஊரில் அதை எத்தனை தடவை செய்வீர்கள்? இப்படிப்பட்ட மெஷினை சோனி தன் நெட்வொர்க்கிலிருந்து தடை செய்வதும் உண்டு. காசு கொடுக்கும் முன் கடையின் வைஃபையிலேயே உங்கள் அக்கவுண்டில் உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

அப்படியே சாஃப்ட்வேர் பதிப்பையும் பாருங்கள். 9.00-க்குக் கீழே இருந்தால் அப்டேட் செய்யச் சொல்லுங்கள். பிஎஸ் 4-க்குள் கடிகாரத்துக்காக ஒரு சின்ன காசு பேட்டரி இருக்கிறது. பழைய பதிப்பில் அந்த பேட்டரி தீர்ந்து, நெட்டும் இல்லாவிட்டால் டிஸ்க் கேம்கூட ஆட முடியாமல் போகும். 2021 செப்டம்பர் அப்டேட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். நெட் இல்லாத வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிஎஸ் 4-ஐவிட மலிவாக எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாம் கண்ணில் படும். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்றால் பவர் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 100–127 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே புகை. 360-இன் ஆன்லைன் கடையையும் 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். பையன் கிரிக்கெட் மட்டும்தான் ஆடப் போகிறான் என்றால் பிஎஸ் 2 போதும். 2006-இல் வந்த கிரிக்கெட் 07-ஐ மிஞ்சிய குதூகலம் அதற்குப் பின் வந்த கிரிக்கெட் கேம்களில் இல்லை என்று அடித்துச் சொல்வேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். 2013-இலேயே உற்பத்தி நின்றுபோன மெஷின், லென்ஸ் தேய்ந்திருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மலையின் தட்பவெப்பம் இதில் பாதி நண்பன், பாதி எதிரி. ஆத்தூர் வெயிலில் இரைகிற மெஷின் ஏற்காட்டுக் குளிரில் சாதுவாக ஓடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூக்கிற அலமாரிக்குள் மெஷினை மூடிவைத்தால் போர்டில் பச்சை படரும். திறந்த ஷெல்ஃபில் வைத்து, ஆடாவிட்டாலும் அடிக்கடி ஓடவிட்டால் அதன் சூடே ஈரத்தை விரட்டும். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. கரண்ட் திடீரென்று போவது ஹார்ட் டிஸ்க்குக்கு எமன். கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம். அது மூவாயிரத்தை ஒட்டி வரும். ஆக பன்னிரண்டாயிரம் என்பது பதினைந்தாயிரம். பழைய டிஸ்க் நாலைந்து சேர்த்தால் இன்னும் மேலே. இந்தத் தொகை கையில் இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடலாம். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு மெஷினை மட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பில்லில் மெஷினின் சீரியல் நம்பரும், ‘இத்தனை மாதம் வாரண்டி, போர்டு உட்பட’ என்ற வரியும் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை டெல்லியில் இருந்தாலும் வழக்கு சேலத்தில் நடக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. 1915 உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். கடை நடத்தாத தனி ஆளிடம் கைமாற்றாக வாங்கியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால்தான் வாட்ஸ்அப் குரூப் விலை கடை விலையைவிடக் குறைவாக இருக்கிறது.

வாரண்டியில் ஒரு பேரம் பாக்கி இருக்கிறது. காபிக் காசு கைக்கு வருவது மார்கழி, தை. கடைக்காரர் வழக்கமாகத் தருவது மூன்று மாதம். அது பங்குனி, சித்திரைக்குள் முடிந்துவிடும்; மலை காய்ந்திருக்கும் மாதங்கள் அவை, ஈரம் பண்ணும் சேட்டை எதுவும் அப்போது தெரியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததுபோல் நடந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் வழி இருக்காது. அதனால் வாரண்டியை ஐப்பசி வரை கேளுங்கள். தர மாட்டேன் என்பார். அப்படியென்றால் ஆயிரத்து ஐந்நூறு குறைக்கச் சொல்லுங்கள், யுபிஎஸ் விலையில் பாதி அதிலேயே வந்துவிடும்.